மூன்றாவது கேட்சருக்கு எப்போது வாய்ப்பு வரும்?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியின் சாப்ட்பால் அணிக்குக் கேட்சராக, அதாவது அடிப்பவருக்குப் பின்னால் குந்தி, பிட்சர் எறியும் பந்தைப் பிடிப்பவனாக இருந்தான். தேசிய சேவையை முடித்துவிட்டு, இந்த ஆகஸ்டில் அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்தான். விளையாட்டில் அது மூன்றாம் பிரிவுக் கல்லூரி என்கிறார்கள். தேர்வில் கலந்துகொண்டு பேஸ்பால் அணியிலும் இடம் வாங்கிவிட்டான். ஆனால் அணியில் இவனோடு சேர்த்து மூன்று கேட்சர்கள். ஒருவர் மூன்றாமாண்டு, நன்றாக அடிப்பவர். இன்னொருவர் முதலாண்டு, எறியும் கை பலமானவர். இலையுதிர்காலப் பயிற்சி ஆட்டங்களில் இவனுக்குக் கிடைத்ததெல்லாம் கடைசி இரண்டு மூன்று இன்னிங்ஸ்தான். மற்ற நேரமெல்லாம் ஓரமாகப் பிட்சர்களுக்குப் பந்து பிடித்துக் கொடுக்கும் வேலை. டிசம்பர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறான், முகமே சரியில்லை. வேறு இடத்தில் ஆடக் கேட்கலாமா? வேறு கல்லூரிக்கு மாறலாமா? நானே பயிற்சியாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடட்டுமா?
(செங்காங் வாசகி)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். பிள்ளைக்கு ஒன்று என்றால் உடனே ஆசிரியருக்கு வாட்ஸ்அப் செய்து நமக்குப் பழகிவிட்டது. அங்கே 21 வயதுப் பையனுக்காக அம்மா எழுதினால் பயிற்சியாளர் மரியாதையாகத்தான் பதில் போடுவார். ஆனால் விஷயம் உடைமாற்றும் அறைக்குப் போய்ச் சேர்ந்தால், தம்பி நாலு வருஷமும் அந்தக் கேலியைச் சுமக்க வேண்டும்.

சரி, இப்போது மூன்றாவது கேட்சர் எதற்கு என்று பார்ப்போம். மூன்றாம் பிரிவில் ஒரு பருவத்துக்கு அதிகபட்சம் 40 ஆட்டங்கள். அதில் நிறைய ஆட்டங்களைச் சனிக்கிழமையில் இரண்டிரண்டாக, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று வைப்பார்கள். ஓர் ஆட்டத்தில் கேட்சர் 120, 150 பந்துகளுக்குக் குந்தி எழ வேண்டும். அதே ஆளை இரண்டு ஆட்டத்துக்கும் உட்காரவைக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனசு வராது. அதனால் இரண்டாவது கேட்சருக்கும் ஆட்டம் நிச்சயம்.

மூன்றாவது ஆளின் கதை கொஞ்சம் சிக்கல். பிட்சருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒருவரை நிறுத்த விதி இடம் தருகிறது. அந்த மூன்றாமாண்டுக்காரர் நன்றாக அடிப்பவர் இல்லையா? இரண்டாவது ஆட்டத்தில் அவரை அப்படி அடிக்க மட்டும் நிறுத்திவிட்டு, முதலாண்டுப் பையனைக் கேட்சராக இறக்குவார்கள். அந்தப் பையனுக்கு நடுவில் விரலில் அடிபட்டால்? வேறு கேட்சர் இல்லையென்றால் அடிக்க நின்றவரே கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அவர் தடுப்பாட்டத்துக்குப் போன நொடியே அந்தச் சலுகை பறிபோகும், பிட்சரே மட்டையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். இந்த அபாயத்தை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். தம்பி பெஞ்சில் இருக்கிற தைரியத்தில்தான் மற்ற இருவரையும் ஒரே நேரத்தில் ஆட்டத்தில் வைக்க முடிகிறது. ஆக, அவரைச் சும்மா எண்ணிக்கைக்காக வைத்திருக்கவில்லை.

சரி, முன்னே வருவது எப்படி? கை பலத்தில் அந்த முதலாண்டுப் பையனை எட்டிப்பிடிக்கலாம் என்று தம்பி நினைத்துக்கொண்டிருந்தால் அதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். பிட்சர் எறியும்போதே ஓடுபவர் அடுத்த பேஸுக்கு (ஓட்டப் பாதையின் அடுத்த மூலைக்கு) ஓடிவிடப் பார்ப்பார், அதைத்தான் பேஸைத் திருடுவது என்பார்கள். கேட்சர் பந்தை அங்கே எறிந்து அவரை அவுட்டாக்க வேண்டும். சாப்ட்பாலில் கேட்சர் குந்தும் ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸ் 25.9 மீட்டர். பேஸ்பாலில் அதுவே 38.8 மீட்டர். போதாக்குறைக்கு, பிட்சர் எறிவதற்கு முன்பே ஓடுபவர் பேஸை விட்டுப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வந்து நிற்கலாம், சாப்ட்பாலில் அந்தப் பேச்சே கிடையாது. இங்கே ராஜாவாக இருந்த கை அங்கே சாதாரணமாகத் தெரிவதற்குக் காரணம் இந்த 13 மீட்டர்தான்.

பந்து கேட்சரின் கையுறையில் படுவதிலிருந்து இரண்டாவது பேஸில் நிற்பவரின் கையுறையில் படும்வரை ஆகும் நேரத்தைப் பாப் டைம் என்பார்கள். அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகில் அதன் சராசரியே சுமார் 2 வினாடி. தம்பி 2.1-ஐ ஒட்டி வந்தால் அந்த மட்டத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். இப்போது ஒரு சின்னக் கணக்கு. எறியும் வேகத்தை மணிக்கு 110 கிலோமீட்டரிலிருந்து 120-க்கு உயர்த்தினால், காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், மிச்சமாவது பத்தில் ஒரு பங்கு வினாடி. அந்த வேகத்தைக் கூட்ட மாதக்கணக்கில் ஜிம்முக்குப் போக வேண்டும். கையுறையிலிருந்து பந்தை உருவி, தையல்களுக்குக் குறுக்கே விரல் படும்படி பிடித்து, காலைத் திருப்பி வைக்கிற வேலையில் அதே பத்தில் ஒரு பங்கைச் சில வாரங்களில் மிச்சப்படுத்தலாம். அதோடு, ஓடுபவர் பேஸைத் திருடிவிட்டால் பழி கேட்சருக்குத்தான் வரும், ஆனால் பாதி நேரம் தவறு பிட்சருடையது. காலைத் தூக்கி ஆடி அசைந்து 1.6 வினாடி எடுத்து எறிகிற பிட்சருக்குப் பின்னால் யார் குந்தினாலும் பேஸ் போகத்தான் போகும்.

என் அனுபவத்தில் போட்டியைத் தீர்மானிப்பது தரையில் குத்தி வரும் பந்துதான்.

நான் பாலஸ்டியர் பக்கம் கிரிக்கெட் கீப்பராக வளர்ந்து, இருபது வயதுக்கு மேல் இந்த ஆட்டத்துக்கு வந்தவன். கீப்பருக்குப் பந்தைப் பிடிப்பதில்தான் பெருமை. முதல் வாரமே, எனக்கு முன்னால் மண்ணில் குத்தி எழும்பிய பந்தைக் கையுறையால் கொத்தப் போனேன். அது விளிம்பில் பட்டு எகிறித் தொண்டையில் இறங்கியது. முகமூடிக்குக் கீழே தொங்கும் தொண்டைக் காப்பை, வியர்க்கிறது என்று நான்தான் அன்று காலை கழற்றி வைத்திருந்தேன். இரண்டு நாள் கஞ்சிதான்.

அந்தப் பந்தைப் பிடிக்கவே கூடாது, உடம்பைக் கொடுத்துச் சாகடிக்க வேண்டும். முதலில் இரண்டு முழங்காலும் தரைக்குப் போக வேண்டும், கையுறை இரண்டு தொடைகளுக்கு நடுவே உள்ள ஓட்டையை அடைக்க வேண்டும். தாடை நெஞ்சில் ஒட்டியிருக்கட்டும். தோள்களை முன்னால் வளைத்து நெஞ்சைக் குழிவாக்கினால் பந்து மேலே பட்டு, பொத்தென்று முன்னாலேயே விழும். நிமிர்ந்த நெஞ்சில் பட்டால் பத்தடி தெறித்து ஓடும், அதற்குள் மூன்றாவது பேஸில் இருந்தவர் ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர்ந்து ரன் எடுத்திருப்பார். வெறுங்கையைக் கையுறைக்குப் பின்னால் ஒளித்துவைக்க மறந்துவிடக்கூடாது. அதை நீட்டி வைத்துக்கொண்ட ஒரு கேட்சரின் விரல்களைப் பார்த்திருக்கிறேன், மாங்காய் இஞ்சி மாதிரி இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பிட்சரின் மனசு இங்கேதான் இருக்கிறது. மூன்றாவது பேஸில் ஆள் நிற்கிறார், இரண்டு ஸ்டிரைக் ஆகிவிட்டது, இன்னொன்று ஆனால் அடிப்பவர் அவுட். பிட்சரிடம் உள்ள நல்ல சரக்கு, கடைசி நொடியில் விழுந்து மண்ணைத் தொடும் பந்து. பின்னால் இருப்பவர் அதைக் கோட்டைவிட்டால் ஒரு ரன் போச்சு. சந்தேகம் வந்ததும் அவர் அந்தப் பந்தைக் கொஞ்சம் மேலே போடுவார், அடி வாங்குவார். கேட்சர் தடுத்துவிடுவார் என்று நம்பினால் தயங்காமல் எறிவார். கல்லூரி ஆட்டத்தில் என்ன பந்து போடுவது என்பதைப் பெரும்பாலும் பயிற்சியாளரே வெளியிலிருந்து சொல்லிவிடுகிறார். அதனால் கேட்சரின் மூளைக்கு இருந்த வேலை குறைந்துவிட்டது என்பார்கள், இருக்கட்டும். நம்பிக்கையை வெளியிலிருந்து சொல்லிக் கொடுக்க முடியாதே.

தம்பி கசந்துகொள்கிற அந்த ஓரத்து வேலை இருக்கிறதே, பிட்சர்கள் எறிந்து தயாராகும் புல்பென்னில் பந்து பிடித்துக் கொடுப்பது, அதை நான் தண்டனையாகப் பார்க்கவில்லை. முதல் கேட்சரைவிட அதிகப் பந்துகளை இப்போது தம்பிதான் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு பிட்சருக்கும் ஒரு பக்கம். யாருடைய பந்து எந்தப் பக்கம் தாமதமாகத் திரும்புகிறது, களைத்துப்போனால் யாருடைய முழங்கை இறங்குகிறது, நாலு பந்து தப்பினால் யாரிடம் போய்ப் பேச வேண்டும், யாரைப் பேசாமல் விட்டுவிட வேண்டும். ஒரு நாள் ஏதாவது ஒரு பிட்சர் பயிற்சியாளரிடம், “இவனிடமே எறிகிறேனே” என்று சொன்னால் பாதிக் கதவு திறந்த மாதிரி.

மேஜர் லீகிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் டிம் வேக்ஃபீல்ட் என்ற பிட்சர் எறிந்தது நக்கில்பால். பந்து சுழலாமல் மிதந்து வரும், எந்தப் பக்கம் நழுவும் என்று எறிந்தவருக்கே தெரியாது. அதைப் பிடிப்பதற்கென்றே டக் மிராபெல்லி என்ற இரண்டாவது கேட்சர் இருந்தார். பெரிய அடிகாரர் இல்லை. 2005 பருவம் முடிந்ததும் அவரைச் சான் டியேகோ அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்த ஜாஷ் பார்ட் ஒரே ஏப்ரலில் 10 பந்துகளைக் கோட்டைவிட்டார். 2006 மே 1 அன்று மிராபெல்லியைத் திரும்ப வாங்கினார்கள். அன்று இரவே யாங்கீஸோடு ஆட்டம், வேக்ஃபீல்ட் எறிகிறார். விமானத்தில் வந்து இறங்கியவரைப் போலீஸ் பாதுகாப்போடு காரில் ஏற்றித் திடலுக்குக் கொண்டுவந்தார்கள், காரிலேயே சீருடை மாட்டிக்கொண்டார். தம்பியின் அணியிலும் யாருக்கும் பிடிக்க இஷ்டமில்லாத பந்தை எறிகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரோடு நட்பாக இருக்கச் சொல்லுங்கள்.

வேறு இடத்தில் ஆடக் கேட்கலாமா என்றால், கேட்சர் இடத்தை விட்டுக்கொடுக்காமல் கேட்கலாம். இடது வெளித்திடலோ முதல் பேஸோ, இன்னொன்றையும் கற்றுக்கொண்டால் ஆட்டத்துக்குள் நுழைய இன்னொரு வழி. எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு: ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பஸ்டர் போசி 2006-இல் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவராக) ஆடினார், அடுத்த ஆண்டு கேட்சராக்கினார்கள், 2008-இல் மேஜர் லீக் அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது.

வேறு கல்லூரி? இப்போது வேண்டாம் என்பேன். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் கிடையாது, அதனால் இழப்பதற்கும் பணமில்லை, தேடிப் போவதற்கும் பணமில்லை. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் மாறினால் விசாப் பதிவையும் புதிய கல்லூரிக்கு மாற்ற வேண்டும், படித்த பாடங்களில் எத்தனையை அவர்கள் ஏற்பார்கள் என்பது தனித் தலைவலி. தவிர, கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது குறித்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த முதல் பிரிவுக் கல்லூரிகளில் பேஸ்பால் அணிக்கு 34 பேர்தான். முன்பு 40. அங்கே இடமில்லாதவர்கள் கீழே இறங்கி வருகிறார்கள். போகிற இடத்திலும் மூன்று கேட்சர்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் மேலேயிருந்து வந்தவராகவும் இருக்கலாம். ஒரு முழு வசந்தகாலத்தைப் பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

ஜனவரியில் திரும்பியதும் தம்பி தனியாகப் பயிற்சியாளரிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கட்டும். “என்னை ஏன் இறக்கவில்லை” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “இரண்டாவது இடத்துக்கு வர நான் எந்த இரண்டு விஷயத்தைச் சரிசெய்ய வேண்டும்?” என்று கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு வந்துவிட வேண்டும். மூன்று வாரம் கழித்து அந்த இரண்டையும் பார்க்கச் சொல்லலாம்.

இன்னொன்று, நம் ஊர்ப் பிள்ளைகள் யாரும் எதிர்பார்க்காதது. ஓஹாயோவில் மார்ச் மாதம் குளிர் போயிருக்காது. குளிரில் பந்து உள்ளங்கையில் பட்டால் கை முழங்கைவரை விறைக்கும், கையுறை தானாகப் பின்வாங்கும். கேட்சர் கையுறைக்குள் போடும் மெல்லிய உள்ளுறை இரண்டு ஜோடி வாங்கி அனுப்புங்கள்.

விடுமுறையில் நீங்களும் உதவலாம். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வாய்ட் டெக்கில், பந்து விளையாடத் தடைப்பலகை இருக்கும், அதனால் வரவேற்பறையே போதும். தம்பி மடித்த மெத்தைமேல் முழங்காலிட்டு உட்காரட்டும். நீங்கள் நாலு மீட்டர் தள்ளி ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, பழைய டென்னிஸ் பந்துகளை ஒவ்வொன்றாக உருட்டிவிடாமல், அவருக்கு ஓரடி முன்னால் குத்தும்படி போடுங்கள். கையை வீசாமல் நெஞ்சில் வாங்க வேண்டும். பந்து விழுந்த இடத்திலேயே கிடந்தால் சரி, சோபாவுக்கு அடியில் ஓடினால் நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தினமும் ஐம்பது பந்து. டிவியை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள்.

பருவம் தொடங்கியதும் நேரலையில் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். மார்ச் இரண்டாவது ஞாயிற்றிலிருந்து அவர்களுக்கும் நமக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். சனிக்கிழமை மதியம் ஒரு மணி ஆட்டம் நமக்கு ஞாயிறு அதிகாலை ஒரு மணி. தம்பி இறங்குவதாக இருந்தால் பெரும்பாலும் இரண்டாவது ஆட்டத்தில்தான், அதனால் முதல் ஆட்டத்துக்குத் தூங்கிவிட்டு, நாலு மணிக்கு அலாரம் வையுங்கள்.