வீட்டு வாஃபிள்: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

வாஃபிள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. எனக்குத் தெரிந்தது வீட்டு அடுப்பங்கரையில், இரண்டு குழி அச்சுத் தகட்டுக்கு நடுவே மாவை வைத்துச் சுடுகிற சாதாரண மின்சார வாஃபிள் மேக்கரில், நாமே மாவு கரைத்துச் சுடுவது. அதற்குள் வருகிற கேள்விகளை விரிவாகவே எடுத்துக்கொண்டேன்.

கோவையிலிருந்து: அக்கா, கடையில் சாப்பிட்டால் மொறுமொறுவென்று இருக்கிறது. வீட்டில் செய்தால் தட்டுக்கு வந்த இரண்டாவது நிமிடமே நமுத்துப்போகிறது. மாவில் என்ன குறை?

பதில்: மாவில் ஒரு குறையும் இல்லாமலேகூட இப்படி ஆகும். மேல்தோலில் இருக்கும் தண்ணீர் முழுக்க வெளியேறினால்தான் வாஃபிள் மொறுமொறுக்கும். உள்ளே மெத்தென்று இருக்கும் பகுதியில் ஈரம் இருந்துகொண்டேதான் இருக்கும். சுட்டு எடுத்த பிறகு அந்த ஈரம் ஆவியாக வெளியே வரப் பார்க்கும். போக வழி இருந்தால் போய்விடும். தட்டில் போட்டுவிட்டால் அடிப்பக்கம் வியர்த்து, தோல் அந்தத் தண்ணீரை மறுபடி குடித்துக்கொள்ளும்.

முதல் வேலை, மூடியை அவசரப்பட்டுத் திறக்காமல் இருப்பது. மாவை ஊற்றி மூடிய கொஞ்ச நேரத்தில் ஓரமெல்லாம் ஆவி குபுகுபுவென்று வரும். உள்ளே மாவு பொங்குகிற வேகத்தில் மேல் மூடி தானாகவே சற்று எழும்பும். பிறகு ஆவி இளைத்து, ஒரு பக்கம் மட்டும் மெல்லிய இழையாக வந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். இதற்கு முன்பே பச்சை விளக்கு எரிந்துவிடும். அதை நம்பி எடுத்துவிடாதீர்கள். அந்த விளக்குக்குத் தெரிவது தட்டின் சூடு மட்டும்தான். ஆவி நின்ற பிறகும் அரை நிமிடம் விடுங்கள். மூடியை லேசாகத் தூக்கும்போது இழுத்துப் பிடித்தால் இன்னும் வேகவில்லை, அப்படியே மூடிவிடுங்கள்.

எடுத்ததும் கம்பித் தட்டின்மேல் வையுங்கள். அது இல்லையென்றால் கவிழ்த்த சல்லடை போதும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவே அடுக்காதீர்கள். வீட்டில் ஆட்கள் அதிகம், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சூடாகத் தர வேண்டும் என்றால் ஓவனை 100 டிகிரி செல்சியஸில் வைத்து, கம்பித் தட்டோடு உள்ளே வைத்துவிடுங்கள்.

இப்போது மாவு. மைதா 220 கிராம், கார்ன்ஃப்ளார் 30 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், ஆப்பச் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன். இவற்றைக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் முட்டை 2, சற்றுப் புளித்த கெட்டி மோர் 400 மில்லி, உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 100 கிராம். இரண்டையும் சேர்த்துக் கரண்டியால் மேலோட்டமாகக் கலந்தால் போதும். சின்னச் சின்னக் கட்டி இருக்கட்டும். கட்டியே இல்லாமல் அடித்தால் மைதாவின் பசைத்தன்மை கூடி, வாஃபிள் ரப்பர் போல இழுக்கும். பத்து நிமிடம் ஊறவிட்டுச் சுடுங்கள். வெண்ணெய் 100 கிராமா என்று மலைக்க வேண்டாம். அச்சுக்கும் மாவுக்கும் நடுவே தோலைப் பொரிப்பது அந்தக் கொழுப்புதான். அதைப் பாதியாக்கினால் கிடைப்பது அச்சு பதிந்த பான்கேக். கார்ன்ஃப்ளார் சேர்ப்பது மைதாவின் பசைத்தன்மையைக் குறைத்து முறுகலைக் கூட்ட.

திருச்சியிலிருந்து: பெல்ஜியன் வாஃபிள் என்கிறார்களே, அதற்கும் நீங்கள் சொல்வதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: பெல்ஜியத்தில் பேர்போனவை இரண்டு. பிரஸ்ஸல்ஸ் வாஃபிள் ஈஸ்ட் போட்ட தளர்வான மாவு. பெரிய நீள்சதுரம், ஆழமான குழி, எடையே தெரியாது. லியேஜ் வாஃபிள் வெண்ணெயும் முட்டையும் சேர்த்துப் பிசைந்த ஈஸ்ட் மாவு. உள்ளே முத்துச் சர்க்கரை, அதாவது சர்க்கரையை அழுத்திச் செய்த சின்ன உருண்டைகள், வைத்திருப்பார்கள். அது அச்சில் உருகி வெளியே கண்ணாடித் தோலாக ஒட்டியிருக்கும், கையில் பிடித்தபடியே தின்னலாம்.

பிரஸ்ஸல்ஸ் வாஃபிள் அமெரிக்கர்களுக்கு அறிமுகமானது 1962 சியாட்டில் கண்காட்சியில். 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் மோரிஸ் வெர்மெர்ஷ் என்பவரின் குடும்பம் அதை ஸ்ட்ராபெரியும் க்ரீமும் வைத்து விற்ற பிறகு நாடு முழுக்கப் பரவியது. பரவும்போது ஈஸ்ட் கழன்றுவிட்டது. இன்று பல கடைகளில் கிடைக்கும் பெல்ஜியன் வாஃபிள், ஆழமான குழி வைத்த அச்சில் பேக்கிங் பவுடர் மாவை ஊற்றிச் சுட்டதுதான்.

நேரம் இருப்பவர்கள் ஒருமுறையாவது ஈஸ்ட் போட்டுச் செய்து பாருங்கள். வெதுவெதுப்பான பால் 400 மில்லி, உருக்கிய வெண்ணெய் 100 கிராம், மைதா 250 கிராம், உப்பும் சர்க்கரையும் ஒவ்வொரு டீஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் அரை டீஸ்பூன். இரவே கரைத்துப் பெரிய பாத்திரத்தில் வையுங்கள், நன்றாகப் பொங்கும். குளிர் நாட்டுக் குறிப்புகளில் இரவு முழுக்க வெளியே வைக்கச் சொல்வார்கள். நம் ஊர் வெயிலில் அப்படிச் செய்தால் காலையில் சாராய வாடை அடிக்கும். ஒரு மணி நேரம் வெளியே, அப்புறம் ஃப்ரிட்ஜ். காலையில் முட்டை 2, ஆப்பச் சோடா கால் டீஸ்பூன் சேர்த்துச் சுடுங்கள். தோல் மெலிதாக, தொட்டால் நொறுங்குகிற மாதிரி வரும். பேக்கிங் பவுடரில் அந்த மணமும் வராது, அந்த மெலிவும் வராது.

சேலத்திலிருந்து: முட்டை இல்லாமல் வருமா?

பதில்: வரும். மேலே சொன்ன மோர் மாவில் முட்டையை விட்டுவிட்டு, வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து 6 டேபிள்ஸ்பூன் எடுத்து, மின்சார பீட்டரில் வெள்ளை நுரையாக அடித்துக் கடைசியில் மெதுவாகக் கலந்துவிடுங்கள். உப்புப் போடாமல் வேகவைத்த, சற்றுக் கெட்டியான தண்ணீராக இருக்கட்டும். வாழைப்பழம் பிசைந்து போடச் சொல்பவர்கள் உண்டு. ருசி நன்றாக இருக்கும், ஆனால் ஈரம் அதிகம், முறுகாது.

மதுரையிலிருந்து, கல்லூரி மாணவர்: மெஷின் இல்லாமல் தோசைக்கல்லில் வாஃபிள் செய்ய முடியுமா அக்கா?

பதில்: முடியாது தம்பி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சூடு பட வேண்டும், குழி பதிய வேண்டும். கேஸ் அடுப்பில் வைத்துத் திருப்பிப் போடுகிற இரட்டை அச்சு கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்கினால் மெஷினே வேண்டாம். தோசைக்கல்தான் இருக்கிறது என்றால் பான்கேக் சுடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: புது மெஷினில் நன்றாக வந்தது. இப்போது எல்லாமே ஒட்டிக்கொண்டு இரண்டாகப் பிளக்கிறது. ஒவ்வொரு முறையும் ஸ்ப்ரே அடித்துத்தான் ஊற்றுகிறேன்.

பதில்: அந்த ஸ்ப்ரேதான் காரணமாக இருக்கும். டப்பாவில் வரும் ஸ்ப்ரே பலவற்றில் எண்ணெயோடு லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளையும் சேர்த்திருப்பார்கள். நான்ஸ்டிக் பூச்சின்மேல் அது சூட்டில் காய்ந்து, மஞ்சள் கலந்த பழுப்பில் பிசுக்காகப் படியும். குழிகளின் அடிமூலையை விரலால் தடவிப் பாருங்கள், வழுக்க வேண்டிய இடம் பிசுபிசுக்கும். வெந்நீரில் நனைத்த துணியை ஆறிய அச்சின்மேல் கால் மணி நேரம் போட்டு வைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். ஸ்டீல் நார் வேண்டாம். இனிமேல் சாதாரண எண்ணெயைப் பிரஷ்ஷில் தொட்டுத் தடவினால் போதும். சரி, அதையும் செய்து ஒட்டுகிறதா? அச்சு சூடாகாமல் ஊற்றியிருப்பீர்கள், அல்லது ஆவி நிற்பதற்குள் திறந்திருப்பீர்கள்.

சென்னையிலிருந்து: வீட்டில் எப்போதும் தோசை மாவு இருக்கிறது. அதை வாஃபிள் மேக்கரில் ஊற்றலாமா?

பதில்: தாராளமாக ஊற்றலாம். தண்ணீர் விட்டுக் கரைத்த தோசைப் பதம் வேண்டாம், இட்லிப் பதத்தில் கெட்டியாக இருக்கட்டும். இரண்டு கப் மாவுக்கு உருக்கிய நெய்யோ எண்ணெயோ 2 டேபிள்ஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன். நம் மாவில் கொழுப்பு கிடையாது என்பதால் இதைச் சேர்க்காவிட்டால் அச்சைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரை நிறத்துக்கு. மைதா மாவைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும், ஆவியைப் பார்த்தே எடுங்கள். அரிசி என்பதால் தோல் கடகடவென்று வரும், உளுந்தின் பொங்கலால் உள்ளே மெத்தென்று இருக்கும். குழிகளில் மிளகாய்ப் பொடி எண்ணெய் தேங்கி நிற்பதற்காகவே செய்யலாம்.

டொராண்டோவிலிருந்து: இதை ஒப்புக்கொள்ள முடியாது. வாஃபிள் என்றால் மைதா, முட்டை, வெண்ணெய், பால். தோசை மாவை அச்சில் ஊற்றினால் அது சதுரத் தோசை. நீங்களே இப்படிச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், ஏனென்றால் வாஃபிளை வாஃபிள் ஆக்குவது அச்சு. ஐரோப்பாவில் நீளக் கைப்பிடி வைத்த இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவே மாவை வைத்து நெருப்பில் காட்டிச் சுட்ட வழக்கம் பல நூற்றாண்டுப் பழையது. ஓவியர் பீட்டர் புரூகல் 1559இல் வரைந்த, கார்னிவல் கொண்டாட்டத்துக்கும் தவக்காலத்துக்கும் நடக்கும் சண்டையைக் காட்டும் ஓவியத்திலேயே வாஃபிள் இருக்கிறது. பேக்கிங் பவுடர் என்பதை இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் செய்தது 1843இல். அதற்கு முன்னால் நெடுங்காலம் மாவைப் பொங்கவைத்தது பெரும்பாலும் ஈஸ்டோ, அடித்த முட்டையோதான். நம் தோசை மாவும் புளித்துப் பொங்குகிற மாவு. இந்த விஷயத்தில் இன்றைய பாக்கெட் மாவைவிட அதுதான் பிரஸ்ஸல்ஸ் வாஃபிளுக்குக் கிட்ட நிற்கிறது.

நெல்லையிலிருந்து: அச்சுதான் முக்கியம் என்றால் பிரெட் துண்டை உள்ளே வைத்து அழுத்தினால் அதுவும் வாஃபிளா?

பதில்: இல்லை. நல்ல கேள்வி, நான் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். வேகாத மாவு அச்சுக்குள் போக வேண்டும். உள்ளே கிளம்பும் ஆவியில் உப்ப வேண்டும். இரண்டு தகட்டிலும் ஒட்டி, அந்த உருவத்திலேயே இறுக வேண்டும். பிரெட் ஏற்கெனவே வெந்தது, அதை நசுக்கத்தான் முடியும். தோசை மாவு இந்த மூன்றையும் செய்கிறது.

டொராண்டோவிலிருந்து மறுபடி: காசு கொடுத்து வாஃபிள் கேட்பவருக்குத் தோசை மாவை வைத்தால் அது ஏமாற்று. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: அதில் நீங்கள் சொல்வது நியாயம். வெறுமனே வாஃபிள் என்று எழுதிவிட்டுத் தோசை மாவைச் சுட்டுத் தரக் கூடாது. தோசை மாவு வாஃபிள் என்று எழுதிவிட்டுத் தரட்டும். வீட்டில் செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இதே விஷயத்தில் இன்னும் பல பேர் இரு பக்கமும் எழுதியிருக்கிறீர்கள். கேழ்வரகு மாவு, அடை மாவு, பணியார மாவு என்று போகிறது. எல்லாவற்றுக்கும் மேலே சொன்ன அளவுகோல்தான். அடை மாவைச் சுடுபவர்கள் கொரகொரப்பாக அரைத்தால் குழிகளில் பருப்பு சிக்கும், சற்று நைசாக அரையுங்கள்.

ஈரோட்டிலிருந்து: வாஃபிள் மெத்துமெத்தென்று ஆகிவிடுகிறது, என்ன செய்ய?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அடுக்கி வைக்காதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து: ஹாட்பாக்ஸில் போட்டு வைத்தேன், தண்ணீர் விட்டுக்கொண்டது.

பதில்: ஹாட்பாக்ஸ் சப்பாத்திக்கு. வாஃபிள் கம்பித் தட்டில்.

புதுச்சேரியிலிருந்து: லியேஜ் வாஃபிளுக்கு முத்துச் சர்க்கரை இங்கே கிடைக்கவில்லை. கற்கண்டு போடலாமா?

பதில்: வேண்டாம். கற்கண்டு இறுகி வளர்ந்த படிகம். வாஃபிள் வேகும் சில நிமிடத்தில் அது உருகாது, பல்லில் கல் மாதிரி மாட்டும். முத்துச் சர்க்கரை பொடிப்பொடியான சர்க்கரையைச் சேர்த்து அழுத்திய உருண்டை. அதற்கு நெருக்கமானது காப்பிக்குப் போடும் சர்க்கரைக் கட்டி. அதைத் துணியில் சுற்றிக் குழவியால் ஒரு தட்டு தட்டி, கடலைப்பருப்பு அளவுத் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தூளைச் சலித்துவிடுங்கள். மாவு ஒருமுறை முழுக்கப் பொங்கிய பிறகு கடைசியில் சேர்க்க வேண்டும். முதலிலேயே சேர்த்தால் கரைந்துவிடும். அச்சில் உருகி வழியும் சர்க்கரை தோலை உரித்துவிடும் சூட்டில் இருக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஆறுவதற்குள் ஈரத்துணியை இடுக்கியில் பிடித்து அச்சைத் துடைத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கட கொக்கிஸ் அச்சிலை இதைச் செய்யலாமோ?

பதில்: அது மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கிற அச்சு. வாஃபிளுக்கு உதவாது.

திருப்பூரிலிருந்து: சர்க்கரை நோய் உள்ளவர்கள் எத்தனை சாப்பிடலாம்?

பதில்: உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நான் சொல்லக் கூடாத விஷயம்.

விருதுநகரிலிருந்து: ஷூ அடிப்பாகம் வாஃபிள் மேக்கரில் பிறந்தது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஓட்டப் பயிற்சியாளர் பில் போவர்மன், வீட்டு வாஃபிள் அச்சில் யூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பொருளை ஊற்றிப் பார்த்தார். அச்சு திறக்க முடியாமல் ஒட்டிக்கொண்டது. யோசனை மட்டும் பிழைத்து நைக்கி காலணியாகியது.

சேலத்திலிருந்து இன்னொருவர்: முட்டை இல்லாமல்?

பதில்: மேலே உங்கள் ஊர்க்காரருக்கே எழுதியிருக்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து: காலையில் பள்ளிக்கூட அவசரம். ஞாயிற்றுக்கிழமை சுட்டு வைத்து வாரம் முழுக்கத் தரலாமா?

பதில்: தரலாம். கம்பித் தட்டில் முழுக்க ஆறவிடுங்கள். ஆறாமல் பையில் போட்டால் உள்ளே பனி கட்டும். ஃப்ரீசரில் ஒரு தட்டில் தனித்தனியாக வைத்து உறைந்த பிறகு பையில் போடுங்கள். உறைந்த பிறகு அடுக்கலாம், அப்போது மட்டும்தான். காலையில் உறைந்தபடியே டோஸ்டரில் போடுங்கள், டோஸ்டர் இல்லாவிட்டால் வாஃபிள் மேக்கரிலேயே இரண்டு நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் துவண்டுவிடும். டப்பாவில் கட்டிக் கொடுப்பதாக இருந்தால் மூடி போடும் முன் சூடு தணியட்டும். தேனோ சிரப்போ தனிச் சின்ன டப்பாவில் கொடுங்கள்.