வலிக்காத கால்

அன்புள்ள அக்கா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ரோபோ பிரிவில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனியின் மார்க்குஸ் ரேமுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கார்பன் ஃபைபர் தகட்டுக் காலோடு 2023இல் 8.72 மீட்டர் நீளம் தாண்டினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர் தாண்டியது 8.41 மீட்டர்தான். இன்னும் முப்பது வருடத்தில் செயற்கை உறுப்புகள் எல்லா விதத்திலும் மேலானவையாகிவிடும். வலி, களைப்பு, மூப்பு எதுவும் இருக்காது. அப்போது நல்ல காலை எடுத்துவிட்டு மேலான காலை வைத்துக்கொள்வது தவறா? மூளையில் சிப் வைத்துக்கொள்வது? வெறும் சதையும் எலும்புமாக இருக்கிறவர்கள் இரண்டாம் தரக் குடிமக்கள் ஆகிவிடுவார்களா? உங்களைப் போன்ற எழுத்தாளர்கள் இயற்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள் என்று தோன்றுகிறது. என் அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இப்போதெல்லாம் பஞ்சு மேல் நடப்பதுபோல இருக்கிறது என்கிறார். இந்த உடம்பின் வடிவமைப்பே மோசம் என்பதற்கு அவரே உதாரணம்.

க., ஓசூர்

அன்புள்ள க.,

முதலில் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இந்த வாரமே. பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஜெர்மனியில் ஒருவர் எத்தனை மீட்டர் தாண்டினார் என்று தெரிந்துவைத்திருக்கிற நீங்கள், பெற்ற அப்பா சொன்னதை ஓர் உதாரணமாக்கிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பஞ்சு மேல் நடப்பதுபோல இருக்கிறது என்றால் பெரும்பாலும் பாதத்தின் நரம்புகள் செத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். பத்து கிராம் அழுத்தத்தில் அது வளையும். அது தொடுவது தெரியவில்லை என்றால் கால் ஆபத்தில் இருக்கிறது. சில நிமிட வேலை, செலவும் இல்லை. அவர் வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது. செருப்பைப் போடும் முன் உள்ளே கையை விட்டுத் துழாவ வேண்டும். தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அவருக்குக் குனிய முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பாருங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் பெரியப்பா கும்பகோணத்துப் பக்கம் ரைஸ்மில் வைத்திருந்தார். ஒரு சித்திரை மாதம், உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றினார். கல் தகித்தது. நாங்களெல்லாம் நிழலைப் பார்த்து ஓட, அவர் நிதானமாக நடந்து வந்தார். பக்தி என்று நினைத்தோம், ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னோம். சாயங்காலம் தரையில் ஈரத் தடங்களைப் பார்த்த பெரியம்மாதான் அவர் காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் வெடித்திருந்தது. "வலிக்கவே இல்லையே" என்றார் பெரியப்பா. புண் ஆறவில்லை. எலும்புக்குப் போய், ஆடி முடிவதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இருந்தவரை வாய் திறக்காத அந்தக் கால், எடுத்த பிறகு ராத்திரியெல்லாம் வலித்தது. இல்லாத கட்டைவிரலைப் பிடித்துவிடச் சொல்லி அழுவார்.

பிறகு ஒரு முகாமில் அவருக்கு ஜெய்ப்பூர் கால் கிடைத்தது. 1960களின் கடைசியில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் சேர்ந்து ரப்பரில் உருவாக்கியது. அதற்கு முன் இருந்த வெளிநாட்டுப் பாதங்கள் ஷூவுக்குள் இருப்பதற்கென்றே செய்யப்பட்டவை. இதில் குந்தி உட்காரலாம், சம்மணம் போடலாம், வெறும் பாதமாகவே சேற்று வயலில் இறங்கலாம். பெரியப்பா மறுபடி மில்லுக்குப் போனார். அந்த ரப்பர் காலை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். என் அம்மாவின் இரண்டு கண்ணிலும் மதுரையில் வைத்த செயற்கை லென்ஸ் இருக்கிறது. இயற்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள், தம்பி.

உங்கள் கடிதம் வரும் முன்பே நான் பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் சதை தானாகவே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றுதான் அன்றைய மருத்துவர்களும் நம்பினார்கள். இவர் அறுவை சிகிச்சை செய்தபோது அந்தச் சதை மற்றவர்களுடையதைப் போலவே ஆறியது. அப்படியானால் விரல்கள் எப்படிப் போகின்றன? ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. நோயாளியான ஒரு பையன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருக்கிறது. அவனுக்கு அது தெரியவே இல்லை. அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் எடுக்கிறார்கள். ராத்திரி தூக்கத்தில் எலி விரலைக் கடித்துத் தின்கிறது, விழிப்பு வருவதில்லை. நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுக்க வேண்டியிருந்தது. நோய் கொண்டுபோனது வலி என்ற ஒன்றைத்தான், மற்ற சேதமெல்லாம் அதன் பின்னால் வந்தது. சர்க்கரைக்காரர்கள் இன்று வாங்கிப் போடும் எம்.சி.ஆர். செருப்புக்கு, அதாவது நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் செருப்புக்கு, மூலம் தொழுநோயாளிகளின் பாதங்களுக்காக வேலூரில் நடந்த அந்த வேலைதான்.

1966இல் பிராண்ட் அமெரிக்காவுக்குப் போனார். லூயிசியானாவில் கார்வில் என்ற ஊரிலிருந்த தொழுநோய் மருத்துவமனையில், செயற்கையாக வலியை உண்டாக்கித் தர முடியுமா என்று பார்த்தார். நீங்கள் நின்று படிக்க வேண்டிய இடம் இது. கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அளக்கும் சென்சார்களை வைத்தார்கள். அளவு மீறினால் காதில் ஓர் ஒலி. நோயாளிகள் அந்த ஒலியைக் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார்கள். சரி, ஒலி போதாது என்று, உணர்ச்சி மிச்சமிருந்த அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அது நிஜமாகவே வலித்தது. என்ன ஆயிற்று? இறுகிப்போன ஒரு திருகாணியைத் திருப்ப வேண்டுமென்றால் முதலில் சுவிட்சை அணைத்தார்கள். திருப்பினார்கள். மறுபடி சுவிட்சைப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் விவரமில்லாதவர்கள் இல்லை. விரல்களை இழந்து, ஆபத்து என்னவென்று அனுபவித்துத் தெரிந்தவர்கள். அப்படியும் கைக்கெட்டும் தூரத்தில் சுவிட்ச் இருந்தால் மனிதன் அணைத்துவிடுகிறான். நானும் அணைப்பேன், நீங்களும் அணைப்பீர்கள். வலியை நிறுத்தும் அதிகாரம் வலிக்கிறவன் கையில் இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்து, பிராண்ட் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்.

எல்லா விதத்திலும் மேலானது என்று எழுதினீர்களே, எதை அளந்து எழுதினீர்கள்? மீட்டரை. கால் உங்களைச் சுமப்பது அதன் பாதி வேலைதான். மீதி நேரமெல்லாம் அது உங்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கியூவில் நிற்கும்போது எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு நீங்கள் அறியாமலே மாற்றுகிறீர்கள். வெகுதூரம் நடந்தால் பாதத்தை வைக்கும் விதமே மாறிவிடுகிறது, நொந்த இடத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. உணர்ச்சியற்ற கால் ஒரே இடத்தில் ஆயிரம் தடவை மிதித்து, அந்த இடத்திலேயே புண்ணாகும். உங்கள் அப்பாவின் உடம்பில் வடிவமைப்பு மோசம் இல்லை. அந்த வடிவமைப்பின் மிக நுட்பமான பகுதி பழுதாகிக்கொண்டிருக்கிறது.

செயற்கை உறுப்பு செய்கிறவர்களில் நல்லவர்களுக்கு இது தெரியும். 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் செயற்கைக் கையின் விரல்நுனிகளுக்கு ஒரு மின்னணுத் தோல் செய்து மாட்டினார்கள். கூரான பொருள் பட்டால், எஞ்சியிருக்கும் கையின் நரம்புகள் வழியாக வலி தெரியும். செயற்கைக் கை தானாகவே பொருளை விட்டுவிடும். வலியே இல்லாத உடம்பை நீங்கள் கனவு காண்கிறீர்கள், அவர்கள் வலியைத் திரும்பக் கொண்டுவர உழைக்கிறார்கள்.

மூளைச் சிப்பைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. கை கால் அசையாதவர் அதை வைத்துக் கணினியை இயக்குகிறார், அது நல்லது. இரண்டாம் தரக் குடிமக்கள் கவலைக்கு முப்பது வருடம் காத்திருக்க வேண்டாம், நம் ஊரில் சர்க்கரைப் புண்ணுக்குக் காலை இழந்து வீட்டு மூலையில் உட்கார்ந்திருப்பவர்களைப் போய்ப் பாருங்கள். அப்புறம், அமெரிக்காவில் செகண்ட் சைட் என்ற கம்பெனி பார்வையற்றவர்களுக்கு ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையைப் பொருத்தியது. உலகம் முழுவதும் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வைத்துக்கொண்டார்கள். கம்பெனி நொடிக்கும் நிலைக்கு வந்ததும் பழுது பார்க்க ஆள் இல்லாமல் அவர்கள் கைவிடப்பட்டார்கள். நல்ல காலை எடுத்துவிட்டு வேறு கால் வைக்க நினைப்பவர் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ரோபோ பிரிவில் இருக்கிறீர்கள், அழுத்த சென்சார்கள் உங்களுக்குத் தினசரிப் புழக்கம். ஓசூரிலிருந்து வேலூர் தூரமில்லை. ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போய், உணர்ச்சியற்ற பாதங்களுக்குச் செருப்பு செய்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நோயாளி தானே விரும்பி அணிய வேண்டும், ஆனால் நினைத்தபோது அணைக்க முடியக் கூடாது. அப்படி ஓர் எச்சரிக்கையை எப்படிச் செய்வது? பிராண்ட் விட்டுப்போன இடம் அதுதான்.