இருபது பேர் கம்பெனியைக் காட்டி மகன் கேட்கும்போது

அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்த மகன் வீடியோ கேம் செய்யும் வேலைக்குத்தான் போவேன் என்கிறான், அதற்கென்றே ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருடப் படிப்பு இருக்கிறது, கட்டணம் லட்சக்கணக்கில், சேர்க்கலாமா என்பது ஒன்று. 'ஹேடீஸ்' என்ற விளையாட்டைக் காட்டி, "இதை இருபது பேர்தான் செஞ்சாங்க, உலகமே விளையாடுது" என்கிறானே, அது நிஜமா என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிவானால் கல்லூரி விஷயத்தில் பாதிப் பதில் தானாக வந்துவிடும்.

தம்பி சொல்வது நிஜம்தான். ஹேடீஸை உருவாக்கியது அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் என்ற ஸ்டூடியோ. ஏறக்குறைய இருபது பேர். 2020 செப்டம்பரில் விளையாட்டு முழுமையாக வெளிவந்த சில நாட்களிலேயே மொத்த விற்பனை பத்து லட்சம் பிரதிகளைத் தொட்டது. மறுவருடம் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த விளையாட்டு விருது கிடைத்தது. அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கும் ஹியூகோ விருதை 2021-இல் முதல்முறையாக ஒரு வீடியோ கேமுக்கும் கொடுத்தார்கள். அதுவும் இதற்குத்தான் போனது. பையன் மயங்குவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அவன் பார்ப்பது கடைசிக் காட்சியை. அந்த இருபது பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பதைத்தான் நீங்கள் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

இந்த ஸ்டூடியோவை 2009-இல் தொடங்கியவர்கள் அமீர் ராவ், கேவின் சைமன் என்ற இருவர். கல்லூரியிலிருந்து நேராக வந்து கம்பெனி தொடங்கியவர்கள் இல்லை. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற மிகப் பெரிய நிறுவனத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் பிரிவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். 2007-இலும் 2008-இலும் வந்த கமாண்ட் அண்ட் காங்கர் வரிசை விளையாட்டுகளில் ராவ் வடிவமைப்பாளர், சைமன் புரோகிராமர். ஒரு பெரிய விளையாட்டு எப்படித் திட்டமிடப்படுகிறது, எங்கே தாமதமாகிறது, எதை வெட்டினால் தேதிக்குள் முடியும் என்பதையெல்லாம் பிறர் பணத்தில் கற்றுக்கொண்டு வெளியே வந்தார்கள். சான் ஹோசேயில் ராவின் அப்பா வீட்டு ஹாலில், கையிலிருந்த சேமிப்பை வைத்து வேலையை ஆரம்பித்தார்கள். வாடகை இல்லை. (அந்த அப்பாவுக்கு அன்று தூக்கம் வந்திருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எந்த ஊர் அப்பாவானாலும் இந்த இடத்தில் ஒரே மாதிரிதான்.)

அவர்கள் செய்த முதல் விளையாட்டு 'பாஸ்டியன்', 2011 ஜூலையில் வந்தது. மொத்தம் ஏழு பேர் வேலை. அந்த ஏழு பேரைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச நினைக்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு உதவுவது அங்கேதான் இருக்கிறது.

கதையும் வசனமும் எழுதிய கிரெக் கசாவின், கேம்ஸ்பாட் என்ற பிரபலமான தளத்தில் வருடக்கணக்காக விளையாட்டு விமர்சனம் எழுதி, அதன் முதன்மை ஆசிரியராகவும் இருந்தவர். அதாவது பத்திரிகையாளர். அதன்பிறகு பெரிய விளையாட்டு நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தார். ஓவியங்களை வரைந்த ஜென் ஸீ ஏற்கெனவே வேறொரு நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர். இசையமைத்த டேரன் கோர்ப், ராவின் சிறுவயது நண்பர், நியூயார்க்கில் இருந்த இசைக்கலைஞர். அவரிடம் ஒலிப்பதிவுக்கூடம் எதுவும் இல்லை. தன் அபார்ட்மென்டில் துணி அலமாரிக்குள் மைக்கை வைத்துக் குரல்களைப் பதிவு செய்தார். துணிகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அது நன்றாகவே வேலை செய்தது. விளையாட்டின் கதைசொல்லியாகப் பேசிய லோகன் கன்னிங்ஹாம் ஒரு நடிகர், டேரனோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர்.

பாஸ்டியனைப் பற்றி எல்லோரும் பேசியது அந்தக் குரலைப் பற்றித்தான். விளையாடுபவர் என்ன செய்கிறாரோ அதற்கு ஏற்ப, அந்த நிமிடமே கதைசொல்லி பேசுவார். நீங்கள் ஒரு பாலத்தின் விளிம்பில் தடுமாறி விழுந்தால் அதையும் கதையில் சேர்த்துக்கொள்வார். இதற்கு எழுதிப் பதிவு செய்த வரிகள் மட்டும் சுமார் 3,000. பெரிய கம்பெனியின் பணபலம் இதில் எதுவும் இல்லை. நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர், நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர், இருவரையும் சரியான நொடியில் இணைக்கத் தெரிந்த புரோகிராமர்கள். ஆளுக்கு ஒரு தொழில் கையில் இருந்தது. ஒருவரும் 'கேம் ஆர்வலர்' என்ற ஒரே தகுதியோடு உள்ளே வரவில்லை.

தம்பியிடம் நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: அந்த ஏழு நாற்காலிகளில் உன்னுடையது எது? புரோகிராமரா, ஓவியரா, எழுத்தாளரா, ஒலிக்காரரா, வடிவமைப்பாளரா? "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்" என்று சொன்னால் கோபப்படாதீர்கள், பதினேழு வயதில் வேறு என்ன சொல்ல முடியும். ஆனால் எதைச் செய்யும்போது சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டான் என்பது அவனைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். விளையாடும்போது எழுந்து வராதது கணக்கில் சேராது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அந்த ஸ்டூடியோவின் பாதையும் நேர்க்கோடு இல்லை. பாஸ்டியனை 2010-இல் சியாட்டில் நகரில் நடந்த பாக்ஸ் என்ற விளையாட்டுக் கண்காட்சியில் காட்டிய பிறகுதான் வார்னர் பிரதர்ஸ் வெளியிட முன்வந்தது. அது நன்றாக விற்றதால் 2014-இல் வந்த இரண்டாவது விளையாட்டான 'டிரான்சிஸ்டர்' முதல் தாங்களே வெளியிடும் அளவுக்குக் காலூன்றினார்கள். 2017-இல் 'பயர்' வந்தது. விமர்சகர்களுக்குப் பிடித்திருந்தும் முந்தைய இரண்டின் அளவுக்கு அது எடுபடவில்லை. இந்த இடத்தில் பல சின்ன ஸ்டூடியோக்கள் கடையைக் கட்டியிருக்கும். முந்தைய விளையாட்டுகளின் வருமானம் கையில் இருந்ததாலும், ஆட்களை மளமளவென்று சேர்க்காமல் செலவைச் சிறிதாகவே வைத்திருந்ததாலும் இவர்களால் அடுத்ததற்குப் போக முடிந்தது.

அடுத்தது ஹேடீஸ். 2018 டிசம்பரில் அதை அரைகுறையாகவே விற்பனைக்கு விட்டார்கள். ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 'இது இன்னும் முடியவில்லை' என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கும் முறை இந்தத் துறையில் உண்டு, ஏர்லி ஆக்ஸஸ் என்பார்கள். வாங்கியவர்கள் விளையாடி, குறை சொல்லி, கருத்துச் சொல்ல, ஏறக்குறைய இரண்டு வருடம் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருந்தார்கள். முன்பின் தெரியாத ஆட்கள் 'இது நன்றாக இல்லை' என்று பொதுவில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு மறுநாள் திருத்துவதற்கு ஒரு மனம் வேண்டும். என் அனுபவத்தில், புத்திசாலிப் பிள்ளைகள் பலர் இந்தத் துறையிலிருந்து விலகுவது இந்த இடத்தில்தான். கணக்கு வராததால் விலகியவர்கள் குறைவு.

பாஸ்டியனைச் செய்த ஏழு பேரும் ஹேடீஸ் வரை ஒன்றாகவே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு இருபது நாளாவது கட்டாயம் விடுப்பு எடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குப் பிறகு வேலை மின்னஞ்சல் கூடாது என்று அங்கே விதி வைத்திருந்தார்கள். தேதி நெருங்கும்போது இரவு பகலாக உழைக்க வைப்பது வாடிக்கையாக இருக்கும் துறையில் இது அபூர்வம். ஆகவே எல்லா இடமும் இப்படி இருக்கும் என்று தம்பி நம்பிவிடக் கூடாது.

இனிமேல் சொல்வது கொஞ்சம் கசக்கும். சூப்பர்ஜயன்ட் பிழைத்த ஸ்டூடியோ. பிழைக்காதவற்றின் பெயர் தம்பிக்குத் தெரிய வாய்ப்பில்லை. 2023-லும் 2024-லும் உலகம் முழுக்க இந்தத் துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஜப்பானில் டாங்கோ கேம்வொர்க்ஸ் என்ற ஸ்டூடியோ 2023-இல் 'ஹை-ஃபை ரஷ்' என்ற விளையாட்டை வெளியிட்டு எல்லோரிடமும் பாராட்டு வாங்கியது. மறுவருடம் மே மாதம் அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் அதை மூடுவதாக அறிவித்தது. பின்னர் ஒரு கொரிய நிறுவனம் எடுத்துக்கொண்டது வேறு கதை. நல்ல வேலை செய்தாலே வேலை நிலைக்கும் என்ற உத்தரவாதம் இந்தத் தொழிலில் இல்லை. அதனால்தான் படிப்பு வேறு துறைகளிலும் சோறு போடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சரி, கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். தம்பி கணிதப் பாடப்பிரிவு எடுத்திருக்கிறான், மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் நாற்காலி புரோகிராமருடையது என்றால், பொறியியல் கலந்தாய்வில் கணினி அறிவியலோ தகவல் தொழில்நுட்பமோ கிடைக்கும் நல்ல கல்லூரியை எடுங்கள். அல்லது ஒரு நல்ல கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் போதும். ஓவியம்தான் என்றால், சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்தில் அனிமேஷன் பட்டப்படிப்பும், ஒலிப்பதிவுப் படிப்பும் உண்டு. கட்டணம் நீங்கள் சொன்ன தொகையின் பக்கத்தில்கூட வராது. விளையாட்டு வடிவமைப்பையே முறையாகப் படிக்க ஆசை இருந்தால், தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியின் பெங்களூரு வளாகத்தில் அதற்கென்று முதுகலைப் படிப்பு இருக்கிறது. பட்டம் முடித்து, கையில் நாலு வேலை வைத்துக்கொண்டு, அதற்கு நுழைவுத் தேர்வு எழுதட்டும். அந்த வயதில் எடுக்கும் முடிவு இன்னும் தெளிவாக இருக்கும்.

எந்த மென்பொருளைக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதை வைத்துக் கல்லூரியை எடைபோடாதீர்கள். பாஸ்டியனை மைக்ரோசாஃப்டின் எக்ஸ்என்ஏ என்ற கருவியில், சி ஷார்ப் மொழியில் எழுதினார்கள். சில வருடங்களிலேயே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்என்ஏ-வைக் கைவிட்டது. அடிப்படை தெரிந்தவர்கள் அடுத்த கருவிக்குப் போய்விட்டார்கள். பொத்தான் எங்கே இருக்கிறது என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள்.

வேலைவாய்ப்பு இந்தியாவில் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. யூபிசாஃப்டுக்குப் புனேயிலும் மும்பையிலும், ராக்ஸ்டாருக்குப் பெங்களூருவிலும், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு ஹைதராபாத்திலும் ஸ்டூடியோக்கள் உண்டு. முதல் வேலை அனேகமாக ஒரு பெரிய விளையாட்டின் சின்ன மூலையாக, சில சமயம் பிழை தேடும் சோதனை வேலையாக இருக்கும். ராவும் சைமனும்கூடப் பெரிய நிறுவனத்தில் சம்பளம் வாங்கிய பிறகுதான் வெளியே வந்தார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் "ரம்மி கம்பெனிக்கா போகப்போறான்" என்று கோபப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசே 2025-இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. பையன் சொல்வது அதுவே இல்லை. இது படம் எடுப்பது போன்ற தொழில். ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, வீட்டில் உட்கார்ந்து விளையாடுவது.

இப்போது தம்பிக்கு ஒரு வேலை. கல்லூரி திறக்கும் வரை இருக்கும் நாட்களில் அவன் ஒரே ஒரு விளையாட்டைச் செய்து முடிக்கட்டும். ஐந்து நிமிடம் ஆடினால் முடிந்துவிடும் அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். ஆனால் தொடக்கமும் முடிவும் சத்தமும் இருக்க வேண்டும். விளையாட்டு செய்யும் கோடோ என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம், முப்பரிமாண உருவங்கள் செய்ய பிளெண்டரும் இலவசம், வீட்டில் இருக்கும் சாதாரண லேப்டாப் போதும். முடித்ததை, யாரும் தங்கள் விளையாட்டை வெளியிடக்கூடிய இட்ச் ஐஓ என்ற இணையதளத்தில் போட்டு, அவனைத் தெரியாத பத்துப் பேரை ஆடச் சொல்லி, அவர்கள் சொல்வதை எழுதி வைக்கட்டும். நண்பர்கள் வேண்டாம், அவர்கள் "சூப்பர் மச்சி" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். முடித்துவிட்டு அடுத்ததை ஆரம்பித்தால் பையன் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் விட்டுவிட்டால் திட்ட வேண்டாம். அவனுக்கு விளையாடப் பிடித்திருக்கிறது, செய்யப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த உண்மை லட்சங்கள் கட்டுவதற்கு முன்பே தெரிந்தால் நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தத் தனியார் கல்லூரியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், போய்ப் பாருங்கள். வரவேற்பறையில் இருக்கும் பெரிய திரையையும் ஹெட்செட்டையும் விட்டுவிட்டு, கடைசி வருட மாணவர்கள் செய்து முடித்த விளையாட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். தம்பி உட்கார்ந்து ஆடிப் பார்க்கட்டும். சொல்லிக்கொடுப்பவர்களில் யார் எந்த வெளிவந்த விளையாட்டில் வேலை பார்த்தவர் என்று கேளுங்கள். போன வருடம் முடித்தவர்களில் இரண்டு பேரிடம் நீங்களே போனில் பேச எண் கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் முன்பணம் கட்டாமல் கிளம்பிவிடுங்கள். "சீட்டு இன்றைக்கே முடிந்துவிடும்" என்று வாசல் வரை வந்து சொல்வார்கள், அதற்கும் நிற்க வேண்டாம்.