ஜான் ஷஸ்டர்: கர்லிங் ரசிகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஷஸ்டரைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, எனக்கு கர்லிங்கே தெரியாது. இவர் யார்?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து இரும்புச் சுரங்கப் பகுதியில் உள்ள சிஷம் என்ற சின்ன ஊரில் 1982ல் பிறந்தவர். 2006 முதல் 2022 வரை தொடர்ந்து 5 ஒலிம்பிக்கில் ஆடியவர், 2018ல் அமெரிக்காவுக்கு கர்லிங்கின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கித் தந்த அணியின் தலைவர். ஆட்டம் இதுதான் தம்பி: கிட்டத்தட்ட 20 கிலோ வரை எடையுள்ள கிரானைட் கல்லை ஐஸ் மேல் வழுக்கவிட்டு, எதிர்முனையில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுபோக வேண்டும். அணிக்கு 4 பேர், ஆளுக்கு 2 கல். இரண்டு அணியும் 8 கல் வீசி முடித்தால் அது ஒரு எண்ட், ஒலிம்பிக்கில் 10 எண்ட். எண்ட் முடிவில், எதிரியின் எந்தக் கல்லையும்விட நடுவுக்கு நெருக்கமாக வட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு புள்ளி. கேரம் மாதிரி எதிரியின் கல்லைத் தட்டியும் விடலாம். கடைசிக் கல் யாருக்கோ அவர்களுக்குத்தான் சாதகம், அதை ஹேமர் என்பார்கள்.

கேள்வி: 2006லேயே பதக்கம் வாங்கிவிட்டாரே, அப்புறம் ஏன் "தோற்றுத் தோற்று ஜெயித்தவர்" என்கிறார்கள்?

டுரினில் வாங்கியது வெண்கலம். பீட் ஃபென்சன் அணியில் இவர் லீட், அதாவது முதல் இரண்டு கல்லை வீசிவிட்டு மற்றவர்கள் வீசும்போது கல்லுக்கு முன்னால் ஐஸைத் தேய்த்துக்கொண்டு துடைப்பத்தோடு ஓடுகிறவர். பிரிட்டனை 8-6 என்று வென்றார்கள், கர்லிங்கில் அமெரிக்காவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அப்புறம் தனி அணி ஆரம்பித்து ஸ்கிப் ஆனார். ஸ்கிப் என்றால் வியூகமும் அவருடையது, கடைசி இரண்டு கல்லும் பெரும்பாலும் அவருடையது, தோற்றால் திட்டும் அவருக்குத்தான். லீடாக நன்றாக ஆடினவர் ஸ்கிப்பாகவும் நன்றாக ஆடுவார் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

கேள்வி: வான்கூவரில் அவரை வெளியே உட்கார வைத்தது நியாயமா?

என் கணக்கில் நியாயம்தான், கொடுமையாக இருந்தாலும். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் முதல் 4 ஆட்டமும் தோல்வி. அதில் சில கடைசிக் கல் வரை போனவை, அந்தக் கடைசிக் கல்லைத்தான் அவர் தவறவிட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது ஆட்டத்தில் பிரான்சுக்கு எதிராக அவரை நிறுத்திவிட்டு கிறிஸ் பிலைஸை இறக்கினார்கள், அணி ஜெயித்தது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஸ்கிப்புக்கு இதைவிட அவமானம் கிடையாது. மொத்தத்தில் 2 வெற்றி, 7 தோல்வி. நாலு வருடம் கழித்து சோச்சி ஒலிம்பிக்கிலும் அதே 2-7.

கேள்வி: அதற்குப் பிறகு சங்கமே கழற்றிவிட்டதாமே?

ஆமாம். 2014க்குப் பிறகு அமெரிக்க கர்லிங் சங்கம் திறமையானவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது, அதில் ஷஸ்டருக்கு இடமில்லை. அதே மாதிரி இடம் கிடைக்காத டைலர் ஜார்ஜ், மேட் ஹாமில்டன், ஜான் லாண்ட்ஸ்டைனர் மூவரையும் சேர்த்து ஒரு அணி போட்டார். "ஒதுக்கப்பட்டவர்கள் அணி" என்று அவர்களே கிண்டலாகச் சொல்லிக்கொண்டார்கள். 2015ல் தேசிய சாம்பியன். சங்கமும் வேறு வழியில்லாமல் திட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டது. 2016 பாசல் உலகப் போட்டியில் வெண்கலம். இடையில் அவர் எடையைக் குறைத்து உடம்பையும் தேற்றிக்கொண்டார்.

இதனால்தான் 2018 தங்கத்தை "அதிசயம்" என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். ஒலிம்பிக்கை மட்டும் நாலு வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பவர்களுக்குத்தான் அது அதிசயம்.

கேள்வி: சரி சார், அந்த 2018 கதையைச் சொல்லுங்கள், முழுசாக.

முதல் 6 ஆட்டத்தில் 2 வெற்றி, 4 தோல்வி. இன்னும் ஒன்று தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அடுத்த ஆட்டம் கனடாவோடு, கெவின் கோயின் அணி, இந்த ஆட்டத்தின் வல்லரசு. 9-7 என்று வென்றார்கள். அப்புறம் சுவிட்சர்லாந்து, பிரிட்டன். அரையிறுதியில் மறுபடி கனடா, இந்த முறை 5-3. இறுதியில் நிக்லாஸ் எடினின் ஸ்வீடன். 7 எண்ட் முடிந்தபோது 5-5, எட்டாவதில் ஹேமர் அமெரிக்காவிடம். எடின் வட்டத்தில் குவிந்திருந்த அமெரிக்கக் கற்களைக் கலைக்கப் பார்த்தார், நினைத்தபடி அமையவில்லை. ஷஸ்டரின் கடைசிக் கல் ஸ்வீடனின் இரண்டு கல்லையும் தட்டி வெளியேற்றியது, ஒரே எண்டில் 5 புள்ளி! இந்த மட்டத்தில் ஒரு எண்டில் 2 எடுத்தாலே நல்ல வேலை. முடிவு 10-7. எட்டு வருடம் முன்பு கடைசிக் கல்லில் சறுக்கியவர் என்று பேர் வாங்கிய அதே ஆள்தான் இதை வீசினார்.

கேள்வி: பதக்கம் மாறிப்போனது நிஜமா?

நிஜம். மேடையில் முதலில் கொடுத்தது பெண்கள் பிரிவுப் பதக்கம், பிறகு மாற்றிக் கொடுத்தார்கள்.

கேள்வி: இதில் சம்பாதிக்க முடியுமா? வேலைக்கும் போவார்களா?

போவார்கள். ஷஸ்டர் விளையாட்டுப் பொருள் கடையில் வேலை பார்த்தவர், ஜார்ஜ் மதுக்கடை மேலாளர், லாண்ட்ஸ்டைனர் பொறியாளர். ஜார்ஜ் தங்கம் வாங்கியது பல வருடம் பழசான, கிழிந்துபோன ஷூவோடு, அதைப் பற்றியே தனிச் செய்திகள் வந்தன.

கேள்வி: 2022ல் என்ன ஆச்சு? இன்னும் ஆடுகிறாரா?

பெய்ஜிங் தொடக்க விழாவில் வேக ஸ்கேட்டிங் வீராங்கனை பிரிட்டனி போவோடு சேர்ந்து நாட்டுக் கொடி பிடித்தார். அரையிறுதியில் பிரிட்டனிடமும் வெண்கல ஆட்டத்தில் கனடாவிடமும் தோற்று நாலாவது இடம். அடுத்த ஒலிம்பிக்குக்கான தேர்வு 2025 நவம்பரில் சூ ஃபால்ஸில் நடந்தது, இறுதியில் டேனி காஸ்பரின் இளைஞர் அணியிடம் தோற்றார். எனக்கு வருத்தம்தான், ஆனால் தேர்வு சரியானது. காஸ்பர் அணி அந்தச் சமயத்தில் இவர்களைவிட நன்றாக ஆடிக்கொண்டிருந்தது, பழைய தங்கத்தைக் காட்டி யாருக்கும் இடம் கொடுக்க முடியாது.