பாலாற்றில் எடுத்த துளைக்கல்லில் எலுமிச்சை பிழிந்தால் நுரைக்கிறது. வட ஆர்க்காட்டில், வேலூர்ப் பக்கம் கடற்பஞ்சு (கடலடியில் ஒட்டி வாழும் எளிய உயிர்) ஃபாசில், அதாவது புதைபடிவம், கிடைக்குமா?

கிடைக்காது. வாணியம்பாடியிலிருந்து ஆற்காடு வரை மணலைச் சலித்தாலும் கிடைக்காது.

நம் பக்கத்துப் பாறை பெரும்பாலும் நைஸ், சார்னோகைட், கிரானைட் வகை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது, அதுவும் பூமிக்கடியில் வெந்து உருமாறியது. ஐயமில்லாத கடற்பஞ்சு ஃபாசில் எல்லாமே கடந்த 55 கோடி ஆண்டுக்குள் அடங்கிவிடும். உங்கள் கையில் இருப்பது சுக்கான்கல்லாக இருக்கும். மண்ணில் சுண்ணாம்பு ஊறி இறுகும்போது வேர் இருந்த இடம் துளையாக நின்றுவிடும். கறுப்பாக, கண்ணாடி மினுக்கோடு இருந்தால் ஏதோ உலையில் கொட்டிய கிட்டம், அதாவது உருக்கிய கசடு.

நான் பி.காம். ஜியாலஜி படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் இந்த எலுமிச்சை விஷயத்தில் மட்டும் நான் வாயை மூட மாட்டேன்.

என் சகலை திருப்பத்தூர்க்காரர். அவர் வீட்டு ஷோகேஸில் ஒரு வெள்ளைக் கல், பக்கத்தில் குலதெய்வப் படம். செவ்வாத்தூரில் எடுத்தது. வருகிறவர்களிடமெல்லாம் "ஜவ்வாது மலை அடிவாரம் வரைக்கும் கடல் இருந்தது, இது கடற்பஞ்சு" என்பார். மச்சினி பெண்ணின் மஞ்சள் நீராட்டு அன்று சாப்பாடு முடிந்ததும் அந்தக் கல்லை எடுத்துவந்து, கத்தியால் சுரண்டி, பொடியின் மேல் எலுமிச்சையைப் பிழிந்தார். பொடிப்பொடியாக நுரை வந்தது. "இன்னா சகல, கணக்கு எழுதுறவனுக்கு கல்லப் பத்தி இன்னா தெரியும்?" என்றார். இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

நான் வாதாடவில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைப் பையனிடம் கேட்டு வாங்கிக் கல்லின் அருகே கொண்டுபோனேன். வெள்ளைக்குள் மிளகு தூவியதுபோல் இருந்த கறுப்புப் புள்ளிகள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டன. மேக்னடைட், காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தாது. அடுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த பழுப்புத் தகட்டில் ஒரு சில்லைப் பெயர்த்து, இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டினேன். மடிப்பு மடிப்பாக விரிந்து புழு மாதிரி நெளிந்து நீண்டது. வெர்மிகுலைட் என்ற கனிமம். செவ்வாத்தூரில் அதைத்தான் வெட்டி எடுக்கிறார்கள். அங்கே இருப்பது கார்பனடைட் என்னும் பாறை. கடலில் படிந்த சுண்ணாம்பு இல்லை. ஆழத்தில் குழம்பாக உருகி மேலே வந்து உறைந்த சுண்ணாம்பு. வயது 75 கோடி ஆண்டுக்கு மேல். கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் இருந்தால் எலுமிச்சைக்கு நுரைக்கத்தான் செய்யும், அது கடலில் பிறந்ததா நெருப்பில் பிறந்ததா என்று எலுமிச்சைக்குத் தெரியாது. போதாததற்கு, எலும்பு சிலிக்காவாகவே (மணலில் இருக்கும் பொருள்) நின்றுவிட்ட கடற்பஞ்சு நுரைக்காது.

கல் இன்னும் ஷோகேஸில்தான் இருக்கிறது. சகலை என்னிடம் பேசுவதைத்தான் குறைத்துக்கொண்டார்.

நீங்கள் "வட ஆர்க்காடு" என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் இன்னொரு எரிச்சல். அந்த மாவட்டத்தை 1989-ல் ஒரு தடவை பிரித்தார்கள், 2019-ல் வேலூரை மூன்றாக்கினார்கள். என் மாமனார் நிலத்துப் பட்டா மாற்றத்துக்கு ஓர் அலுவலகத்தில் கேட்டால் "ஃபைல் அங்கே போயிடுச்சு" என்கிறார்கள், அங்கே போனால் "இன்னும் வரல". கல்லுக்கு 250 கோடி ஆண்டு கணக்குச் சொல்ல முடிகிறது, ஒரு ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. போகட்டும்.

நிஜக் கடற்பஞ்சு எப்படி இருக்கும்? என்னிடம் ஒன்று உண்டு. நண்பர் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே கடையில் வாங்கி வந்தாள். ஃபாரிங்டன் என்ற ஊரின் சரளைப் படிவத்தில் கிடைத்தது, ரஃபிடோனிமா என்ற பேரினம். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுக்கு முன் அலை புரட்டிய ஆழமில்லாத கடல் அது. சின்னக் குவளை வடிவம், அடி குறுகி ஒட்டிக்கொண்டிருந்த தடம், வாய் ஓரம் மழுங்கல், குழிக்குள் இன்னும் காவிநிறச் சரளை அடைத்திருக்கிறது. வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டும் லென்ஸ் வைத்துச் சுவரைப் பாருங்கள்: தண்ணீர் உள்ளே போகும் நுண்துளைகள் சுவர் முழுக்க இருக்கும். உலைக் கிட்டம் என்றால் குமிழிகள் இஷ்டத்துக்கு, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருக்கும். அடி, வாய், சுவர் என்று ஓர் உடல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் வெறும் கல்.

தமிழ்நாட்டில் பழைய கடல் பார்க்க அரியலூர், பெரம்பலூர்தான் போக வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஸ்டோலிச்கா 1873-ல் அந்தப் பக்கத்துப் பவளங்களை விவரித்தபோது கடற்பஞ்சுகளையும் சேர்த்தே குறித்தார். காட்பாடியில் ஏறி திருவண்ணாமலை வழியாக விழுப்புரம், அங்கிருந்து திருச்சி கார்டு லைனில் அரியலூர். முதலில் வாரணவாசி அருங்காட்சியகத்தைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சுரங்கங்களுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், காவலாளி விரட்டுவார். காரை என்ற ஊரின் பள்ளங்களில் எதையும் பெயர்த்து எடுக்காதீர்கள், போட்டோ போதும். சித்திரை வெயிலில் மட்டும் போகாதீர்கள், அங்கே நிழலே கிடையாது.