அரிசியை விட்ட மூன்றாம் நாள் தலைவலி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பேலியோ, கீட்டோ, லோ கார்ப் என்று பெயர் எதுவாக இருந்தாலும், சோறு, சப்பாத்தி போன்ற மாவுச்சத்தைக் குறைக்கிற உணவுமுறைகளில் முதல் வாரத்தில் வருகிற புகார் ஒன்றுதான்: தலைவலி, அசதி. இந்த முறை வந்த கேள்விகளில் அதைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: திங்கட்கிழமை சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் நிறுத்தினேன். புதன்கிழமை காலையிலிருந்து தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, மாடிப்படி ஏறினால் கால் துவள்கிறது. "உடம்பில் இருக்கிற கழிவு வெளியே போகுது, பொறுத்துக்கோ" என்கிறார் நண்பர். அப்படியா?

கழிவெல்லாம் போகவில்லை. போவது தண்ணீரும் உப்பும். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜனாக மாற்றிக் கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் சேர்த்து வைத்திருக்கிறது. ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் 3 கிராம் அளவுக்குத் தண்ணீர் ஒட்டியிருக்கும். மாவுச்சத்து வரத்து நின்றதும் இந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் கூடவே போகிறது. முதல் வாரத்தில் 2 கிலோ குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறோமே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். இன்னொரு பக்கம் இன்சுலின் அளவு இறங்குகிறது. உப்பில் இருக்கிற சோடியத்தைப் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்கிற ஹார்மோன்களில் அதுவும் ஒன்று, அது இறங்கினால் சோடியம் சிறுநீரில் கூடுதலாகப் போகும்.

நம் வீட்டுச் சமையலில் இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு உப்பு பெரும்பாலும் சோற்றோடுதான் வயிற்றுக்குப் போகிறது: சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், இட்லி மாவில் போடும் உப்பு. சோறு நின்றால் இவையும் சேர்ந்து நின்றுவிடும். உப்பு அதிகம் வெளியே போகிற அதே வாரத்தில் உள்ளே வருவதும் குறைகிறது, அப்புறம் தலை வலிக்காமல் என்ன செய்யும்?

இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் மூன்றிலும் பிரச்சினை இல்லாதவர் என்றால், கால் டீஸ்பூன் உப்பு போட்ட மோர் காலை 11 மணி வாக்கில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் குடியுங்கள். ஆட்டுக்கால் சூப்போ வெறும் ரசமோ குடித்தாலும் சரி. பலருக்கு சிறிது நேரத்திலேயே தலை தெளிந்துவிடும். இது முதல் ஒன்றிரண்டு வாரத்துக்கான ஏற்பாடு, ஆயுசுக்கும் உப்பைக் கூட்டச் சொல்லவில்லை. அந்த மூன்றில் எது இருந்தாலும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். பொறுத்துக்கொண்டு படுத்துக் கிடப்பதில் ஒரு பலனும் இல்லை.

கேள்வி: தினமும் 5 லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன், தலைவலி கூடத்தான் செய்கிறது.

குறையுங்கள். உப்பில்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் இருக்கும் சோடியம் இன்னும் நீர்த்துப்போகும். தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும்.

கேள்வி: சர்க்கரை கூடாது என்பதால் ஒரு நாளைக்கு நான்கு முறை குடித்துக்கொண்டிருந்த காபியை அடியோடு விட்டேன். நெற்றி முழுக்க பாரமாக இருக்கிறது.

இது உணவுமுறையால் வந்த தலைவலியே அல்ல, காபியை விட்டதால் வந்தது. காபியில் இருக்கிற கஃபீனைத் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். நீங்கள் விட வேண்டியது சர்க்கரையை மட்டும்தான். சர்க்கரை இல்லாமல், பாலைக் குறைத்து காபி குடிக்கலாம். காபியையும் விட்டே ஆக வேண்டும் என்றால் அதை அடுத்த மாதம், வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கேள்வி: வயது 56. சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறேன். சோற்றை நிறுத்தியதிலிருந்து மதியம் தலைவலியோடு கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. இதுவும் உப்புக் குறைவுதானா?

இல்லை ஐயா, உங்கள் விஷயம் வேறு, அவசரமானது. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, இன்சுலின் மூன்றும் நீங்கள் சோறு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். சோற்றுக்கு ஏற்றபடி எழுதிய மாத்திரையை சோறில்லாமல் போட்டால் தாழ்சர்க்கரை வரும். நடுக்கம் வந்ததும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். "டயட் கெட்டுவிடுமே" என்று அந்த நேரத்தில் யோசிக்கவே கூடாது. மீட்டர் கையில் இல்லாவிட்டாலும் சர்க்கரையைக் குடித்துவிடுங்கள். இன்றைக்கே மருத்துவரைப் பார்த்து மாத்திரை அளவை மாற்றுங்கள், அதுவரை பழைய அளவு சோற்றைச் சாப்பிடுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன், உங்கள் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என முடிகிற சர்க்கரை நோய் மாத்திரை அதில் இருந்தால், மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டும்போது இரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து இருக்கிறது. மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே இது வரலாம், அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, தாங்க முடியாத அசதி இருந்தால் நேரே ஆஸ்பத்திரி, மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றால் அழுத்தம் இறங்கியிருக்கலாம், அளந்து பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு போட்டால் நல்லதா? லோ சோடியம் உப்பு?

இந்துப்பிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், அயோடின் மட்டும் பெரும்பாலும் இருக்காது. லோ சோடியம் உப்பில் சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

கேள்வி: நான் சைவம். காலையில் பத்து பாதாம், மதியம் வெள்ளரிக்காய், இரவு சூப். எண்ணெய் சேர்ப்பதில்லை. எழுந்திருக்கவே முடியவில்லை.

அம்மா, இது பட்டினி! சோற்றை எடுத்த இடத்தில் நீங்கள் எதையுமே வைக்கவில்லை. மாவுச்சத்தையும் குறைத்து எண்ணெயையும் பயந்து ஒதுக்கினால் உடம்பு எதை எரித்து நடக்கும்? 100 கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம் புரதம் இருக்கிறது, அதை நெய்யில் வதக்கி மதியம் சாப்பிடுங்கள். கீரைக்கூட்டும் முட்டைக்கோஸ் பொரியலும் தேங்காய் தாராளமாகப் போட்டு வயிறு நிறைய, முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் காலையில் இரண்டு, கட்டித்தயிர் ஒரு கிண்ணம். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தவும் வேண்டாம். முதல் வாரம் இரவு டிபனை மட்டும் மாற்றுங்கள், பிறகு மதியச் சோற்றைப் பாதியாக்குங்கள். மெதுவாக இறங்கினால் இந்தத் தலைவலியே பலருக்கு வருவதில்லை. (சோற்றுக்குப் பதில் சாமை, தினை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நார்ச்சத்து கூடுதல்தான், ஆனால் மாவுச்சத்து அரிசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.)

கேள்வி: குழந்தைக்கு நான்கு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். தொடங்கலாமா?

வேண்டாம். பால் கொடுக்கிற தாய்மார்கள் கடுமையாக மாவுச்சத்தைக் குறைத்து இரத்தம் அமிலமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள். இனிப்பையும் மைதாவையும் மட்டும் குறையுங்கள், சோறு இருக்கட்டும். கர்ப்பிணிகளுக்கும் இதே பதில்.

கேள்வி: ஒரு மாதம் ஆகிவிட்டது, அசதி போகவில்லை. இன்னும் எத்தனை நாள்?

முதல் வாரத் தொல்லை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு பழைய பலம் திரும்ப இன்னும் சில வாரம் ஆகலாம், அதுவரை நடை போதும். ஒரு மாதம் தாண்டியும் அசதி என்றால் உணவுமுறையின் மேல் பழி போட்டுவிட்டு உட்காராதீர்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். தலைவலி திடீரென்று இதுவரை இல்லாத வேகத்தில் வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, பார்வை மங்கினாலோ, ஒரு பக்கம் கை கால் மரத்தாலோ மோர் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.