இசிஜி பேட்ச்சும் பூம்பாறை சிக்னலும்

கேள்வி: சார், அப்பாவுக்கு 62 வயசு. மதுரை டாக்டர் நெஞ்சுல ஒட்டுற இசிஜி பேட்ச் குடுத்து 7 நாள் போடச் சொல்லியிருக்காரு, போன் வழியா கிராஃப் அவருக்குப் போகும். எங்க ஊரு கொடைக்கானல் மலையில பூம்பாறை. பனி எறங்கினாலே சிக்னல் போயிடுது, கிராஃப் வெட்டி வெட்டி வருது. என்ன பண்ணலாம்?

பதில்: தம்பி, மொதல்ல அந்தப் பனியை விட்ருங்க, 4ஜி அலைக்கு பனிமூட்டம் ஒரு பொருட்டே இல்ல, நடுவுல மலை மறைக்கிறது, கரண்ட் போயி டவர் பேட்டரி எறங்குறது, இதெல்லாம்தான் வழக்கமான காரணம்.

இசிஜி டேட்டா ரொம்பச் சின்னது. செகண்டுக்கு 250 தடவை அளந்து ஒவ்வொண்ணுக்கும் 12 பிட்னு வச்சா மணிக்கு 1.35 எம்பி, சித்தப்பா அனுப்புற குட் மார்னிங் வீடியோவே அதைவிடப் பெருசா இருக்கும். அதனால வேகம் பிரச்சனை இல்ல, வழியில தொலையறதுதான் பிரச்சனை. வடுகபட்டி சந்தைக்கு பூண்டு மூட்டை ஏத்துறீங்க, நம்பர் போட்டிருந்தா 17ஆம் மூட்டை வரலன்னு அங்கிருந்து போன் வரும்ல, டேட்டாவும் அப்படித்தான் நம்பரும் நேரமும் போட்டுப் போகணும், வரலன்னா திரும்ப அனுப்பணும் (மூட்டைக்கு காப்பி கெடையாது, டேட்டாவுக்கு உண்டு, அது ஒண்ணுதான் வித்தியாசம்). சிக்னல் அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும், காப்பி எங்கயாவது பத்திரமா இருக்கா, அதைப் பாருங்க.

வீட்லயே செக் பண்ணலாம். போன்ல டேட்டா, வைஃபை ரெண்டையும் அரை மணி நேரம் ஆஃப் பண்ணிட்டு திரும்பப் போடுங்க, அந்த கேப் கொஞ்ச நேரத்துல தானா நெரம்புச்சுன்னா போன் சேத்து வைக்குதுன்னு அர்த்தம். அடுத்து போனை வீட்ல விட்டுட்டு அப்பாவை காட்டுப்பக்கம் போயிட்டு வரச் சொல்லுங்க, வந்ததும் அந்த நேரமும் நெரம்புச்சுன்னா பேட்ச்சுக்குள்ளயே மெமரி இருக்கு. நெரம்பலன்னா டாக்டர்கிட்ட சொல்லி வேற மாடல் கேளுங்க, ஏழு நாளும் வீணாப் போகக் கூடாது.

இன்னொண்ணு, போனை பேன்ட் பின்பாக்கெட்ல வைக்காதீங்க. பேட்ச் போனுக்கு அனுப்புறது ப்ளூடூத்லதான், அது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை, உடம்புத் தண்ணி அதை நல்லா உறிஞ்சிடும், நெஞ்சுல பேட்ச் முதுகுப்பக்கம் போன்னா நடுவுல அப்பாவே சுவர் மாதிரி நிக்கிறாரு, சட்டைப் பாக்கெட்டுக்கு மாத்துனாலே பாதி வெட்டு நின்னாலும் நிக்கும். பேட்டரி சேவர்ல இருந்து அந்த ஆப்பை வெளிய எடுத்துடுங்க, ராத்திரி ஆப் தூங்கிடுறது அதாலதான்.

கிராஃப் வெட்டாம கசமுசான்னு கிறுக்கலா இருந்தா அது நெட்வொர்க் இல்ல, பேட்ச் சரியா ஒட்டல இல்லன்னா குளிர்ல நடுங்குறாரு, போர்வை குடுங்க. டேட்டா வராத எடத்துல நல்ல ஆப் வெத்தா விடும், சிலது நேர்கோடு போட்டுத் தொலைக்கும், அதைப் பாத்து நம்ம நெஞ்சு நின்னுடும், பதறாம மொதல்ல அப்பா மூஞ்சியப் பாருங்க.

நெஞ்சு வலி, மயக்கம்னா ஆப்பையே பாத்துட்டிருக்காம உடனே 108. லேசா படபடன்னு வந்துட்டுப் போனா மணியைப் பாத்து காலண்டர்ல குறிச்சு வைங்க, டாக்டர் மொதல்ல தேடுறது அந்த நிமிஷத்துக் கிராஃபைத்தான்.